இடியன் துவக்கின் குழலுக்குள் என்ன பிழை? கம்பியைக் கேளுங்கள்

பெரும்போக விதைப்பு முடிந்து பன்றி வயலுக்குள் இறங்கத் தொடங்கும் நாட்களில் என் லேத் பட்டறைக்கு ஒரு தனி வகை வேலை வரும். தம்பலகாமத்திலிருந்தோ கந்தளாய்ப் பக்கத்திலிருந்தோ ஒருவர் பஸ் ஏறித் திருகோணமலைக்கு வருவார். உரச்சாக்கில் சுற்றிய, துவக்குக் குழல் துடைக்கும் நீளக் கம்பி ஒன்றை மேசையில் வைப்பார். "தம்பி, இதிண்ட தலை உள்ளுக்கையே நிண்டுட்டுது" என்பார். துவக்கு, அதாவது குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்கும் இடியன், வீட்டில் இருக்கும். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இருப்பதால் அதை நான் தொடுவதில்லை. கம்பியும் அதன் நுனியில் பூட்டும் துடைக்கும் தலையும் மட்டும்தான் என் பாடு.

இது போதாதென்று கனடாவில் ஒரு மச்சான் இருக்கிறான். அவனிடம் இருப்பது குழலுக்குள் சுழல் வரி வெட்டிய 50 கலிபர் முன்வாய்த் துவக்கு. மான் வேட்டைக் காலம் வந்தால் இரவில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, குழலுக்குள் டோர்ச் அடித்துக் காட்டி "இது என்னடா?" என்று கேட்பான். ஊர் இடியனின் குழல் பெரும்பாலும் வழவழப்பு, அவனுடையது வரிக்குழல். ஆனாலும் இரண்டு பக்கத்து முறைப்பாடும் ஒன்றுபோலவே இருக்கும். குழல் பழுது என்று சொல்லி வருவதில் பெரும்பங்கு குழலின் பழுதே இல்லை. அளவு பொருந்தாத தலை, மரை பொருந்தாத கம்பி, போகக்கூடாத இடத்துக்குப் போன பிரஷ் என்றுதான் முடியும்.

அறிகுறிகளுக்குள் போகமுன் இரண்டு விஷயம்.

முதலாவது, குழல் வெறுமையா என்று பாருங்கள். சுத்தியல் அடிக்கப் பொறி தரும் சிறு மூடிதான் கேப்; அது உட்காரும் துளையுள்ள முளை, குழலின் அடியில் இருக்கும் நிப்பிள். கேப் நிப்பிளில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். முகத்தையோ உள்ளங்கையையோ வாய்க்கு நேரே வைக்காமல், கம்பியை அடிவரை விடுங்கள். வாயோடு ஒட்டிக் கம்பியில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நுனி நிப்பிள் இருக்கும் இடம்வரை போகிறதா? போனால் சரி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். அப்படியானால் துப்புரவு வேலையை அங்கேயே நிறுத்தி, துவக்குத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சில குழல்களின் அடியில் ஒடுங்கிய அறை ஒன்று இருக்கும். அவற்றில் கம்பி எப்போதுமே கொஞ்சம் முன்னால் நிற்கும், அதனால் இந்தச் சோதனை குழப்பும். குழல் வெறுமை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு நாளில், வாய் மட்டத்தில் கம்பியில் அரத்தால் ஒரு கோடு கீறி வைத்துவிடுங்கள். அப்புறம் யோசிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, நீங்கள் வாங்கவே தேவையில்லாத முதல் கருவி தண்ணீர். கருமருந்து எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாக மிஞ்சும். பொட்டாசியம் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு என்று பெரும்பாலும் உப்புகள். துவக்கு கழுவும்போது வரும் கூழ்முட்டை மணம் இந்தச் சல்பைட்டினுடையது. இந்த உப்புகள் தண்ணீரில் கரையும்; மண்ணெண்ணெயிலும் டீசலிலும் கரையமாட்டா. எங்கள் ஆட்களில் பலர் முதல் வேலையாக மண்ணெண்ணெயை ஊற்றுவார்கள். உப்பு அப்படியே கிடக்க, கரியும் எண்ணெயும் சேர்ந்து தார்போல ஒட்டிக்கொள்ளும். தண்ணீர், சொட்டுச் சவர்க்காரம், பிறகு நன்றாகக் காய்ந்த துணி, கடைசியில்தான் எண்ணெய்.

தண்ணீரிலும் எங்கள் ஊரில் ஒரு கவனம் வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றினால் என்ன பயன்? மழைத்தண்ணீரோ குழாய்த்தண்ணீரோ எடுங்கள். கொதிக்கவும் வேண்டாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரின் சூடு போதும். கொதிநீர் ஊற்றினால் குழல் கெதியாகக் காயும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டிலேயே மெல்லிய துரு பூத்துவிடுவதும் உண்டு.

"கம்பி உள்ளே போகுது, திரும்பி வரமாட்டுது"

அதிகம் வரும் முறைப்பாடு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்பியின் நுனியில் பூட்டும், வளையம் வளையமாக வெட்டிய பித்தளைத் தலையை ஜாக் என்பார்கள். துணித்துண்டை வாயில் வைத்து ஜாக்கால் தள்ளினால், துணி அதைச் சுற்றிக்கொண்டு குழல் சுவரைத் துடைத்தபடி இறங்கும். இழுக்கும்போது வளையங்களில் துணி சுருண்டு தடிக்கும். இறங்கியது ஏறாமல் இறுகுவது இதனால்தான். ஊத்தைக் கரியும் சேர்ந்தால் ஆப்பு அடித்ததுபோல நின்றுவிடும்.

இறுகிவிட்டதா? கம்பியைக் குறட்டால் பிடித்து முறுக்க வேண்டாம், மரத்தில் கட்டி இழுக்கவும் வேண்டாம். வாய் வழியாக இரண்டு மேசைக்கரண்டி சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் கால் மணித்தியாலம் பொறுங்கள். பிறகு முதலில் இழுக்காமல், ஒரு அங்குலம் கீழே தள்ளுங்கள். சுருண்ட துணி விரியும். அதன்பின் இழுத்தால் பெரும்பாலும் வரும். வராவிட்டால் நிப்பிளைக் கழற்றி அந்தப் பக்கமிருந்தும் தண்ணீர் விடுங்கள்.

மீண்டும் நடக்காமலிருக்க அளவைப் பாருங்கள். 50 கலிபர் என்றால் குழல் விட்டம் 12.7 மில்லிமீற்றர். அதற்கு ஜாக் 12.3 முதல் 12.4 மில்லிமீற்றர்வரை இருக்கலாம். மிச்ச இடம் துணிக்கு. தடித்த பிளனல் துணி என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். என் கணக்கு எளிது: ஈரத் துணியோடு உள்ளங்கையால் தள்ளினால் இறங்க வேண்டும், ஒரு கையால் இழுத்தால் வர வேண்டும். இரண்டு கை தேவைப்பட்டால் தலை பெரிது. ஒரு விரலால் இறங்கினால் தலை சிறிது, அது துடைக்காமல் தடவிவிட்டு வரும்.

ஊர் இடியனில் இன்னொரு சிக்கல், கலிபர் எண் எதுவும் அடித்திருக்காது. வாயில் வேனியர் வைத்து அளந்தால் வருவது வாயின் அளவுதான். பல வருடம் கம்பி உரசி வாய் அகன்றிருக்கலாம், உள்ளே ஒடுக்கமாக இருக்கும். வாயளவுக்குக் கடைந்து கொடுத்த என் முதல் ஜாக் அப்படித்தான் நடுக்குழலில் நின்றது. இப்போது வாயளவிலிருந்து அரை மில்லிமீற்றர் குறைத்துக் கடைந்து கொடுத்து, துணியைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சிறிய தலைக்குத் தடித்த துணி போடலாம். பெரிய தலைக்கு ஒன்றும் செய்யமுடியாது.

"கம்பி வந்துட்டுது, துணி உள்ளே"

ஜாக் சிறிது, அல்லது துணி சிறிது. இதற்கென்றே வோர்ம் என்ற கருவி இருக்கிறது. ஆட்டுக்கொம்புபோல இரண்டு கம்பி சுருண்டு நுனி கூராக நிற்கும். கம்பியில் பூட்டி அடிவரை விட்டு, வலப்பக்கமாக மூன்று நான்கு சுற்று, பிறகு மெதுவாக இழுப்பு. அவ்வளவுதான். சுருளின் அகலம் குழலைவிடக் குறைவாக இருக்கிறதா, நுனி உட்பக்கம் மடிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளியே நீட்டிய நுனி வரிக்குழலைக் கீறும்.

திருகோணமலைக் கோட்டைக்குள் கிடக்கும் பழைய பீரங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். அவற்றுக்கும் இதே வேலைதான். மிச்சத் துணியையும் கடதாசியையும் இழுக்கப் பெரிய சுருள்கொக்கி, நெருப்புப் பொறியை அணைக்கவும் கழுவவும் ஈரப் பஞ்சுத் தலை, பிறகு இடிக்கும் கட்டை. பிரித்தானியன் 1803இல் கோட்டைக்குப் பிரெட்ரிக் என்று பெயர் வைத்த காலத்துக் கருவிப் பெட்டியும் மச்சான் இப்போது வாங்கியிருக்கும் பெட்டியும் பெரிதாக மாறவில்லை.

"தலையே கழன்டு உள்ளே போட்டுது"

இதுதான் நான் அதிகம் கோபப்படும் இடம். ஜாக், பிரஷ், வோர்ம் எல்லாம் கம்பியில் மரையால் பூட்டுபவை. வெளிநாட்டுச் சாமான்களில் இரண்டு மரை அதிகம் வரும்: 8-32, 10-32. முதல் எண் தடிப்பு, இரண்டாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புரி என்பது. இரண்டிலும் 32 புரி. தடிப்புத்தான் வேறு, 4.17 மில்லிமீற்றருக்கு எதிராக 4.83. ஆகவே 8-32 தலையை 10-32 கம்பிக்குள் விட்டால் பிடித்ததுபோல ஒரு தோற்றம் காட்டும். தள்ளும்போது ஒன்றும் தெரியாது. இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு கம்பி மட்டும் வரும். மச்சான் இரண்டு கடையில் வாங்கிய சாமான்களைக் கலந்து பூட்டி இப்படித்தான் மாட்டுப்பட்டான்.

எங்கள் கடைகளில் லேசாகக் கிடைப்பது எம்-5, அதாவது 5 மில்லிமீற்றர் மரை வெட்டும் டப். அதன் புரி இடைவெளி 0.8 மில்லிமீற்றர். 32 புரி மரையின் இடைவெளி 0.79. ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் 10-32 தலை எம்-5 துளையில் கொஞ்சம் ஆட்டத்தோடு ஏறும். ஏறுகிறது என்பதற்காக நம்ப வேண்டாம். கையால் பூட்டி இழுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தலை கூத்தாடினால் அது உங்கள் கம்பிக்கு உரியதல்ல. நான் கடைந்து கொடுப்பதென்றால் கம்பி, ஜாக், வோர்ம் மூன்றையும் ஒரே எம்-5 மரையில்தான் கொடுப்பேன்.

மரக்கம்பி என்றால் இன்னொன்றும் பாருங்கள். நுனியின் பித்தளைத் தொப்பி பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் ஈரத்தில் ஒரு நாள் கழன்றே தீரும். குறுக்கே ஆணி அடித்துத் தட்டியிருக்க வேண்டும். துவக்குக்குக் கீழே செருகியிருக்கும் மரக்கம்பி வெளியில் குண்டை இடிப்பதற்குத்தான். வீட்டில் கழுவுவதற்குத் தனிக் கம்பி வைத்திருப்பது நல்லது. மரநரம்பு சரிந்து ஓடும் கம்பி முறிந்தால் கூரான முனை நேரே உள்ளங்கைக்குத்தான் வரும்.

உள்ளே நின்ற தலையின் மரைப்பக்கம் மேலே இருந்தால், சரியான மரையுள்ள கம்பியை விட்டு மெதுவாக வலப்பக்கம் திருகிப் பிடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். மருந்து போட்டு வெடித்து வெளியே தள்ளலாம் என்று யோசனை சொல்ல ஊரில் ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். கேட்க வேண்டாம். அடைப்பு இருக்கும் குழலில் வெடி வைத்தால் குழலே பிளக்கும்.

"பிரஷ் அடியில் இறுகிவிட்டது"

வெண்கலக் கம்பி பிரஷ் உள்ளே போகும்போது மயிர்கள் பின்னால் சாயும். திசை மாற்றி இழுத்தால் அவை முன்பக்கம் மடிய வேண்டும். இறுக்கமான குழலில், அதுவும் அடி ஒடுங்கிய அறைக்குள், மடிய இடமில்லை. பிரஷை வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே இழுங்கள். மயிர்கள் சுருளாகச் சாய்ந்து வழி விடும். இடப்பக்கம் திருகினால் மரை கழன்று, முந்திய பிரச்சினைக்கே திரும்பிப் போவீர்கள்.

வாங்கும்போது பிரஷின் அடியைப் பாருங்கள். மயிர்த்தண்டைப் பித்தளைக் குழாய்க்குள் விட்டு நசுக்கி மட்டும் இருந்தால் இழுப்பில் கழன்று வரும். ஈயம் பற்றவைத்ததோ, தண்டு வளைந்து திரும்பிப் பூட்டியதோ நல்லது. உருக்கு பிரஷ் வரிக்குழலுக்கு வேண்டவே வேண்டாம். உண்மையில் கருமருந்துக் கரிக்குப் பிரஷே அதிகம் தேவையில்லை, ஈரத்துணி போதும். துணியில் சாம்பல் நிற மினுக்கம் கோடு கோடாக வந்தால் அது ஈயம். தண்ணீருக்கு அது அசையாது. அப்போதுதான் வெண்கல பிரஷும் ஈயம் கரைக்கும் திரவமும். வேலை முடிந்து சவர்க்காரத்தால் கை கழுவாமல் சோற்றில் கை வைக்க வேண்டாம்.

"துணி வெள்ளையாக வந்தது, மறுநாள் செம்மண் நிறம்"

துரு. இரண்டு காரணம். ஒன்று, உப்பு முழுவதும் போகவில்லை. வாய்ப்பக்கம் மின்னும், அடியில் கரி கிடக்கும். ஜாக்கின் முகம் உருண்டையாகவும் குழலின் அடி தட்டையாகவும் இருந்தால் மூலையைத் துணி தொடாது. அடிக்கு ஏற்ற வடிவத்தில் சுரண்டி ஒன்று வேண்டும். தட்டை அடிக்குத் தட்டையான தகடு, கிண்ணம்போன்ற அடிக்கு வளைந்தது. குழலைக் கட்டையிலிருந்து கழற்றக்கூடிய துவக்கு என்றால் வேலை லேசு: நிப்பிளைக் கழற்றி, அடியை வாளித் தண்ணீருக்குள் வைத்து, ஈரத்துணியோடு ஜாக்கைச் சைக்கிள் பம்ப் அடிப்பதுபோல மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கிக் கழுவும். கழற்ற முடியாததற்கு நிப்பிளின் இடத்தில் பூட்டும் மெல்லிய றப்பர்க் குழாய் ஒன்றால் அதே வேலை ஆகும்.

மற்றக் காரணம், எண்ணெய். டபிள்யூடி-40 தண்ணீரை விரட்ட நல்லது, பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் அது மட்டும் காவல் நில்லாது. அதைப் பூசி, துடைத்து, அதற்கு மேல் துருத்தடுப்பு எண்ணெய் ஒன்று மெல்லிய படலமாக வேண்டும். துவக்கை உறைக்குள் போட்டு அலுமாரிக்குள் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். உறை உப்புக் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு குழலோடு படுத்திருக்கும். மறுநாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள், ஒரு கிழமை கழித்து இன்னொன்று. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடல் பார்த்த வீடு என்றால் மாதம் ஒருமுறையும்.

"கேப் வெடிக்குது, துவக்கு வெடிக்கேல்லை"

இதற்குக் கருவி மிகச் சிறியது. நிப்பிளின் துளை அடைத்திருக்கும், அல்லது அதன் கீழே உள்ள வழியில் எண்ணெய் தேங்கியிருக்கும். வாயை மேலே வைத்து நிறுத்திய துவக்கில் எண்ணெய் வடிந்து அங்கேதான் சேரும். எண்ணெய் பூசிய முதல் நாள் வாயைக் கீழே வைத்து ஒரு பழைய துணியின்மேல் நிறுத்துங்கள்.

துளைக்கு மெல்லிய பித்தளைக் கம்பி போதும். ஒட்டுவேலைக்காரர் முனை துப்புரவு செய்யும் ஊசிக்கட்டு எங்கள் பட்டறைகளில் கிடக்கும், அதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. கவனம், அதன் பக்கங்கள் அரம்போல இருக்கும். துளையை அகலமாக்கிவிட்டால் அழுத்தம் பின்னால் கிளம்பிச் சுத்தியலைத் தூக்கும், முகத்துக்கு அபாயம். அகன்ற நிப்பிளை மாற்றத்தான் வேண்டும். நிப்பிளைக் கழற்ற அதற்குரிய சாவி வேண்டும். குறட்டால் கடித்துக் கழற்றிய நிப்பிளைக் கண்டாலே எனக்குப் பல் கூசும். திரும்பப் பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிறீஸ்.

நிப்பிள் சுத்தம், ஆனாலும் இதே தொல்லை என்றால் நான் முதலில் சொன்ன ஒடுங்கிய அறையை நினையுங்கள். 50 கலிபர் ஜாக் அதற்குள் போகவே போகாது. துணி வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும், அறைக்குள் கரி கல்லாகும். சிறிய கலிபர் நைலோன் பிரஷ் ஒன்றில் துணியைச் சுற்றி விட்டுத் திருகி எடுங்கள். மச்சான் இரண்டு வருடம் மருந்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

"துணி கிழிந்து கிழிந்து வருது"

எல்லா இடத்திலும் கிழிந்தால் துணி மோசம். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் கிழிந்தால் அங்கே துருக்குழியோ பிசிறோ இருக்கிறது. கம்பியில் அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அடிப்பக்கத்தில் ஆழமான குழி, அல்லது வெளியே குழல் எங்காவது புடைத்திருப்பது தெரிந்தால் அந்தத் துவக்கைச் சுட வேண்டாம்.

"குறி முன்னைப்போல இல்லை"

வரிக்குழலுக்கு மட்டும் உரிய கவலை. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் வாய். அதன் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். தேய்ப்பது பெரும்பாலும் சூடு அல்ல, கம்பி. மென்மையான கம்பி பாதுகாப்பு என்று பலர் நினைப்பார்கள். ஆனால் மரத்திலும் பிளாஸ்ரிக்கிலும் மணல் பதிந்து எமரித் தாள்போல உரசும். எங்கள் மணல் ஊரில் இதைச் சொல்லத் தேவையில்லை. எந்தக் கம்பியானாலும் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு விடுங்கள். கம்பி குழலின் நடுவிலேயே ஓடும்படி வாயில் வைக்கும் பித்தளைக் கூம்பு ஒன்றும் பூட்டுங்கள். கடைவதற்கு அரை மணித்தியாலம்கூட ஆகாத சாமான் அது, இருந்தும் யாரும் கேட்டு வருவதில்லை.

கம்பியை என்னிடமோ வேறு லேத்காரரிடமோ கொண்டுபோகிறவர்கள், துடைக்கப் பயன்படுத்தும் துணியிலும் ஒரு துண்டு கொண்டுபோங்கள். பலமுறை தோய்த்த பழைய பருத்திச் சாரம் நல்லது. புதிதில் கஞ்சி இருக்கும். பொலியெஸ்ரர் கலந்தது ஈரம் குடிக்காது. துணியின் தடிப்புத் தெரியாமல் தலையின் அளவை யாராலும் சொல்ல முடியாது.